மூலக்கூறுகளுக்கிடையே என்ன விசை? வரிசை தவறாமல் கண்டுபிடிக்கும் முறை

ஃபார்மால்டிஹைடின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து, "இதன் மூலக்கூறுகளுக்கிடையே என்ன விசை?" என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஹைட்ரஜன் பிணைப்பு, சார்." ஏன் என்று கேட்டால், "ஹைட்ரஜனும் இருக்கு, ஆக்சிஜனும் இருக்கே சார்" என்பார்கள். பதில் தவறு. சொன்ன பிள்ளைக்கு ஹைட்ரஜன் பிணைப்பின் வரையறை மனப்பாடமாகத் தெரியும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பல வருடம் மாலை வகுப்பில் இதைப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இது: கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். மூலக்கூறை வரையும் முன்பே, வாய்பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் விசையின் பெயரைச் சொல்கிறார்கள். கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றினால் அந்த அவசரத்துக்கு இடமிருக்காது. முதல் பத்து மூலக்கூறுகளுக்கு ஒரு படியையும் தாண்ட வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, தனிமங்களின் இணைதிற எலக்ட்ரான், அதாவது அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கை. ஹைட்ரஜன் 1, கார்பன் 4, நைட்ரஜன் 5, ஆக்சிஜனும் கந்தகமும் 6, ஹாலஜன்கள் 7. இது இல்லாமல் படம் வரைய முடியாது.

இரண்டாவது, பாலிங் அளவுகோலில் சில எலக்ட்ரான் கவர்தன்மை மதிப்புகள், அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பதன் அளவு. ஃப்ளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, புரோமின் 2.96, அயோடின் 2.66, கந்தகம் 2.58, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. ஒரு துண்டு அட்டையில் எழுதி நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் தானாக மனதில் நிற்கும், உட்கார்ந்து உருப்போட வேண்டியதில்லை.

மூன்றாவது, மூலக்கூறின் வடிவத்தைக் கணிக்கத் தெரிய வேண்டும். மைய அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்த அளவு தள்ளி நிற்கும் என்ற ஒரே கருத்து போதும்.

இவற்றோடு கொஞ்சம் களிமண், நாலைந்து ஈர்க்குச்சி. ஏன் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

2. உள்ளே இருப்பதையும் இடையே இருப்பதையும் பிரியுங்கள்

தண்ணீர் கொதிக்கும்போது எது உடைகிறது என்று படம் வரையச் சொன்னால், ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே கத்தரி போடுகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் குழப்பத்தோடு அடுத்த படிக்குப் போனால் பின்னால் எல்லாமே கோணலாகும்.

இட்லிப் பானையின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்திருப்பது தண்ணீர்தான். மேலே போனது நீர் மூலக்கூறு, குளிர்ந்து திரும்பி வந்ததும் நீர் மூலக்கூறு. உள்ளே இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை யாரும் தொடவில்லை. ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை விட்டு விலகியது, அவ்வளவுதான்.

எண்களிலும் இது தெரியும். 1 மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கச் சுமார் 463 கிலோஜூல் வேண்டும். 1 மோல் நீரை அதன் கொதிநிலையில் ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். முதலாவது மூலக்கூறின் உள்ளே இருக்கும் சகப்பிணைப்பு. இரண்டாவது மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் விசை. நாம் தேடுவது இரண்டாவதை மட்டும்.

"ஹைட்ரஜன் பிணைப்பு" என்ற பெயரே பிள்ளைகளைக் குழப்புகிறது. பிணைப்பு என்று பெயர் இருந்தாலும் அது பொதுவாக ஒரு மூலக்கூறுக்கும் இன்னொரு மூலக்கூறுக்கும் நடுவே இருக்கும் கவர்ச்சி. ஆகவே படத்தில் சகப்பிணைப்பை முழுக்கோடாகவும், ஹைட்ரஜன் பிணைப்பைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். எப்போதும் இரண்டு மூலக்கூறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். ஒரே மூலக்கூறை வரைந்தால் "இடையே" என்பதற்கே படத்தில் இடமில்லை.

3. இது மூலக்கூறுதானா என்று பாருங்கள்

சோடியம் குளோரைடில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை, அயனிகளின் படிகக்கூடு இருக்கிறது. வைரத்திலும் சிலிக்காவிலும் சகப்பிணைப்பு முடிவில்லாமல் நீண்டு போகிறது. இரும்பில் உலோகப் பிணைப்பு. இவற்றுக்கு மூலக்கூறிடை விசை எது என்ற கேள்வியே பொருந்தாது.

உலோகமும் அலோகமும் சேர்ந்திருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம் என்பது நல்ல முதல் சோதனை. அதில் ஒரு பொறி உண்டு: அம்மோனியம் குளோரைடு. உலோகம் எதுவும் இல்லை, ஆனாலும் அது அயனிச் சேர்மம்.

4. முதலில் படம், பிறகு வடிவம்

இணைதிற எலக்ட்ரான்களைக் கூட்டுங்கள். மைய அணுவை நடுவில் வைத்துப் பிணைப்புகளைப் போடுங்கள். மீதியை வெளி அணுக்களுக்குக் கொடுத்து, இன்னும் மிஞ்சினால் மைய அணுவின் மேல் வையுங்கள். எண்மம் (ஓர் அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான்) நிறையாவிட்டால் இரட்டைப் பிணைப்பு, முப்பிணைப்பு போடுங்கள்.

இந்தப் படியில் நான் பார்க்கும் பெரிய தவறு, தனித்த எலக்ட்ரான் இரட்டைகளை (பிணைப்பில் சேராத இரட்டைகளை) போடாமல் விடுவது. "எப்படியும் இருக்கும் சார், தெரியும்" என்பார்கள். தெரிந்தால் போதாது, தாளில் இருக்க வேண்டும். வடிவத்தைத் தீர்மானிப்பதும் அதுதான், ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்றுக்கொள்வதும் அதுதான். அம்மோனியாவில் மொத்தம் 8 எலக்ட்ரான்கள்: மூன்று பிணைப்பு, ஒரு தனித்த இரட்டை. அந்த ஒரு இரட்டையை விட்டுவிட்டால் அம்மோனியா தட்டையான முக்கோணமாகிவிடும். முனைவற்றது, அதாவது ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்ற முனைகள் இல்லாதது என்று எழுதிவிடுவீர்கள். முழுக் கணக்கும் போச்சு.

படம் வந்ததும் வடிவத்தைப் பெயரிடுங்கள். கார்பன் டைஆக்சைடு நேர்க்கோடு, போரான் ட்ரைஃப்ளூரைடு சமதள முக்கோணம், மீத்தேன் நான்முகி, அம்மோனியா முக்கோணப் பிரமிடு, நீரும் சல்ஃபர் டைஆக்சைடும் வளைந்தவை.

இப்போது களிமண். டைகுளோரோமீத்தேனைத் தாளில் வரைகிறோம். கார்பனுக்கு மேலே ஒரு குளோரின், கீழே ஒரு குளோரின், இடமும் வலமும் ஹைட்ரஜன். பார்த்தால் மேலும் கீழும் சமமாக இழுத்து ரத்தாகிவிடுவது போலத் தெரியும். ஒரு முறை ஒரு மாணவி இதை முனைவற்றது என்று எழுதினாள். விளக்கமாகக் காரணமும் எழுதியிருந்தாள், அந்தத் தட்டைப் படத்துக்கு அந்தக் காரணம் சரியானதுதான்.

நான் ஒன்றும் சொல்லாமல் நெல்லிக்காய் அளவு களிமண் உருண்டையைக் கொடுத்து, நான்கு ஈர்க்குச்சிகளை ஒன்றையொன்று முடிந்த அளவு தள்ளி நிற்கும்படி குத்தச் சொன்னேன். முதலில் கூட்டல் குறி போலக் குத்தினாள். "மேலேயும் இடம் இருக்கே" என்று அவளே சொல்லிப் பிடுங்கி மாற்றினாள். மூன்று குச்சி தரையில் ஊன்றி நிற்க, ஒன்று வானத்தைப் பார்த்தது. இரண்டு முனைகளில் சிவப்பு மணி செருகியபோது அவளுக்கு விளங்கிவிட்டது. நான்முகியில் எந்த இரண்டு முனையை எடுத்தாலும் அவை எதிரெதிராக நிற்பதில்லை, எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். டைகுளோரோமீத்தேன் முனைவுள்ளது.

பேச்சால் பத்து நிமிடம் விளக்கியும் ஏறாதது, கையால் செய்யும்போது ஒரு நிமிடத்தில் ஏறுகிறது. வெட்கப்படாமல் செய்து பாருங்கள்.

5. முனைவு உண்டா: பிணைப்பைப் பார்த்து, பிறகு மொத்தத்தைப் பாருங்கள்

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

முதல் கேள்வி: தனித்தனிப் பிணைப்புகள் முனைவுள்ளவையா? எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாட்டைப் பாருங்கள். கார்பன்–ஹைட்ரஜன் வேறுபாடு 0.35. இந்த அளவில் அதை முனைவற்றதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஹைட்ரோகார்பன்களை எல்லாம் ஒரே வரியில் முடித்துவிட இது உதவும். ஒவ்வொரு முனைவுப் பிணைப்புக்கும், எலக்ட்ரானை அதிகம் இழுக்கும் அணுவை நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள்.

இரண்டாவது கேள்வி: அந்த அம்புகள் கூடுகின்றனவா, ரத்தாகின்றனவா? இங்கேதான் நான்காம் படியின் வடிவம் கைகொடுக்கிறது. கார்பன் டைஆக்சைடில் இரண்டு பிணைப்பும் முனைவுள்ளவை, ஆனால் எதிரெதிராக இழுப்பதால் மொத்தம் சுழி. கார்பன் டெட்ராகுளோரைடிலும் போரான் ட்ரைஃப்ளூரைடிலும் இதே கதை. நீரில் இரண்டு அம்பும் ஒரே பக்கம் சாய்வதால் இருமுனை திருப்புத்திறன் (முனைவின் அளவு; அலகு டிபை) 1.85 டிபை.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். மைய அணுவில் தனித்த இரட்டை இல்லை, சுற்றிலும் ஒரே வகை அணுக்கள் என்றால் மூலக்கூறு முனைவற்றது. இதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தாதீர்கள். செனான் டெட்ராஃப்ளூரைடில் மைய அணுவின் மேல் இரண்டு தனித்த இரட்டைகள் உண்டு, அவை எதிரெதிராக இருப்பதால் மூலக்கூறு சதுரத் தளமாகி முனைவற்றதாகிறது. "ஒரே தனிமம் என்றால் முனைவற்றது" என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. ஓசோனில் மூன்றும் ஆக்சிஜன்தான். வளைந்த வடிவத்தாலும் நடு அணுவின் தனித்த இரட்டையாலும் அதற்குச் சிறிதளவு முனைவு இருக்கிறது.

தனித்த இரட்டையும் ஓர் அம்புதான் என்பதை அம்மோனியாவையும் நைட்ரஜன் ட்ரைஃப்ளூரைடையும் ஒப்பிட்டால் பார்க்கலாம். வடிவம் ஒன்று. ஃப்ளூரின் வெகுவாக இழுக்கும், அதனால் இரண்டாவதற்குத்தான் முனைவு அதிகம் என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அம்மோனியா 1.47 டிபை, நைட்ரஜன் ட்ரைஃப்ளூரைடு சுமார் 0.23. அம்மோனியாவில் பிணைப்புகளின் அம்புகள் நைட்ரஜனை நோக்கி, தனித்த இரட்டை இருக்கும் பக்கமே போகின்றன. மற்றதில் அம்புகள் ஃப்ளூரினை நோக்கிப் போக, தனித்த இரட்டை எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

இந்தப் படியின் முடிவில் ஒரு வரி எழுதுங்கள்: முனைவுள்ளது அல்லது முனைவற்றது. முனைவுள்ளது என்றால் இருமுனை–இருமுனைக் கவர்ச்சி உண்டு, அதாவது ஒரு மூலக்கூறின் நேர்முனை பக்கத்து மூலக்கூறின் எதிர்முனையை இழுக்கும்.

6. ஹைட்ரஜன் பிணைப்புக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும்

இப்போதுதான் இந்தக் கேள்விக்கு முறை வருகிறது. தூய பொருள் ஒன்றில் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்க இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஃப்ளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகிய மூன்றில் ஒன்றோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன். இதைக் கொடுப்பவர் என்போம். இரண்டு, அந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் மேல் தனித்த எலக்ட்ரான் இரட்டை. இதை வாங்குபவர் என்போம்.

"நேரடியாக" என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போடுங்கள். அந்த ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். அதையும் பக்கத்து அணு பலமாக இழுத்துக்கொண்டால் மறுபக்கம் கிட்டத்தட்ட வெறும் புரோட்டான் போலத் திறந்து கிடக்கும். அதனால்தான் அடுத்த மூலக்கூறின் தனித்த இரட்டை அத்தனை நெருக்கமாக வர முடிகிறது. கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜனுக்கு அந்த நிலை இல்லை.

நாம் தொடங்கிய ஃபார்மால்டிஹைடுக்குத் திரும்புவோம். ஆக்சிஜன் மேல் தனித்த இரட்டைகள் உண்டு, வாங்குபவர் இருக்கிறார். ஹைட்ரஜன் இரண்டும் கார்பனோடு சேர்ந்தவை, கொடுப்பவர் இல்லை. எனவே ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. இருப்பது இருமுனை–இருமுனைக் கவர்ச்சியும், அடுத்த படியில் நாம் பார்க்கப்போகும் லண்டன் விசையும்.

இதே வலையில் விழுபவை: அசிட்டோன், டைமெத்தில் ஈதர், ஃப்ளூரோமீத்தேன், ட்ரைமெத்திலமீன். கடைசியாகச் சொன்னது கெட்டுப்போன மீனின் வாடைக்குக் காரணமான பொருள். அதில் நைட்ரஜன் இருக்கிறது, ஹைட்ரஜன் ஒன்பது இருக்கிறது, ஆனால் ஒன்றுகூட நைட்ரஜனைத் தொடவில்லை. கொதிநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ். அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில், வேறு மாதிரி அடுக்கப்பட்ட புரொப்பைலமீனில் நைட்ரஜனோடு இரண்டு ஹைட்ரஜன் உண்டு. அதன் கொதிநிலை 48 டிகிரி அளவில்.

ஹைட்ரஜன் குளோரைடு தனி வழக்கு. குளோரினின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.16, நைட்ரஜனின் 3.04. பிறகு ஏன் குளோரின் பட்டியலில் இல்லை என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் கேட்பார்கள். நல்ல கேள்வி. குளோரின் பெரிய அணு, அதன் தனித்த இரட்டைகள் பரவலான இடத்தில் விரிந்து கிடப்பதால் ஹைட்ரஜனைக் குறிவைத்து இழுக்கும் வலிமை குறைவு. ஹைட்ரஜன் குளோரைடு −85 டிகிரியில் கொதித்துவிடுகிறது. அம்மோனியா −33 வரை தாக்குப்பிடிக்கிறது.

கலவை என்றால் கணக்கு மாறும். தூய அசிட்டோனில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. தண்ணீரில் ஊற்றினால் தண்ணீர் கொடுக்கும், அசிட்டோன் வாங்கும், ஆகவே உண்டு. "அசிட்டோனில்" என்று கேட்கிறார்களா, "அசிட்டோனுக்கும் நீருக்கும் இடையே" என்று கேட்கிறார்களா என்பதை வினாத்தாளில் விரல் வைத்துப் படியுங்கள்.

இன்னொன்று, எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்று எண்ணுங்கள். ஃப்ளூரின்தான் அதிகம் இழுக்கும், அப்படியிருக்க ஹைட்ரஜன் ஃப்ளூரைடு ஏன் 19.5 டிகிரியிலேயே கொதிக்கிறது, நீர் ஏன் 100 வரை போகிறது? ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் தனித்த இரட்டை மூன்று இருந்தும் கொடுக்க ஒரே ஹைட்ரஜன். அம்மோனியாவில் கொடுக்க மூன்று, வாங்க ஒன்று. நீரில் கொடுக்க இரண்டு, வாங்க இரண்டு. ஒன்றும் வீணாவதில்லை, ஒரு மூலக்கூறு நான்கு பக்கமும் கைகோர்க்க முடிகிறது.

சில மூலக்கூறுகளில் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மூலக்கூறுக்குள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்துவிடும். ஆர்த்தோ நைட்ரோஃபீனாலில் அப்படித்தான். உள்ளேயே கோர்த்துக்கொள்வதால் பக்கத்து மூலக்கூறுக்கு நீட்டக் கை குறைகிறது, 45 டிகிரியில் உருகிவிடுகிறது. பாரா நைட்ரோஃபீனாலில் இரண்டும் எதிரெதிர் முனையில் இருப்பதால் வெளியேதான் கோர்க்க முடியும், அது உருக 114 டிகிரி தேவை.

7. லண்டன் விசையை எல்லாவற்றுக்கும் எழுதுங்கள்

எல்லாவற்றுக்கும். நீருக்கும் எழுத வேண்டும், ஹீலியத்துக்கும் எழுத வேண்டும். எலக்ட்ரான் உள்ள எதுவானாலும் அதன் எலக்ட்ரான் முகில் ஒரு கணம் ஒரு பக்கம் ஒதுங்கும், அந்தக் கணநேர இருமுனை பக்கத்து மூலக்கூறின் முகிலையும் ஒதுக்கும். முனைவற்ற மூலக்கூறில் இது ஒன்றுதான் இருக்கும். முனைவுள்ளதில் மற்றவற்றோடு இதுவும் சேர்ந்திருக்கும்.

"லண்டன் விசை பலவீனமானது" என்று ஒரு வாக்கியம் எப்படியோ எல்லார் நோட்டிலும் ஏறிவிட்டது. சிறிய மூலக்கூறுக்கு அது சரி. எலக்ட்ரான் எண்ணிக்கை கூடக்கூட முகில் தளர்ந்து எளிதில் ஒதுங்கும், விசையும் வளரும். ஹாலஜன்களைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் ஃப்ளூரினும் குளோரினும் வாயு, புரோமின் திரவம், அயோடின் திண்மம். நான்குமே முனைவற்றவை, நான்கிலும் லண்டன் விசை மட்டும். மெழுகுவர்த்தியின் பாரஃபினும் அப்படித்தான். ஹைட்ரஜன் பிணைப்பும் இல்லை, முனைவும் இல்லை, ஆனாலும் கையில் பிடிக்கும்படி கெட்டியாக நிற்கிறது.

அளவு சமமாக இருந்தால் வடிவம் பேசும். மூன்று பென்டேன்களுக்கும் மோலார் நிறை (1 மோலின் எடை, கிராமில்) 72. நீண்ட சங்கிலியான நார்மல் பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது, ஒரு கிளை உள்ள ஐசோபென்டேன் 28ல், உருண்டையான நியோபென்டேன் 9.5ல். விறகைக் கட்டாக அடுக்கினால் நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். எலுமிச்சம்பழத்தைக் கொட்டினால் ஒரு புள்ளியில்தான் தொடும். தொடும் பரப்புதான் விஷயம்.

8. ஒப்பிடும்போது: எடை அருகருகே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஹைட்ரஜன் பிணைப்பு பெரியது, அடுத்து இருமுனை, கடைசியில் லண்டன் என்று ஒரு தரவரிசை சொல்லித்தருகிறார்கள். மோலார் நிறை ஏறத்தாழ சமமாக இருக்கும்போது மட்டுமே அதை நம்பலாம்.

நம்பக்கூடிய இடம்: பியூட்டேன் 58, அசிட்டோன் 58, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 60. கொதிநிலைகள் வரிசையாக −0.5, 56, 82. லண்டன் மட்டும், அதோடு இருமுனை, அதோடு ஹைட்ரஜன் பிணைப்பு என்று படிப்படியாக ஏறுகிறது. எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் இரண்டும் 46. ஒன்று 78 டிகிரியில் கொதிக்கிறது, மற்றது −24ல்.

நம்பக்கூடாத இடம்: ஆக்டேனில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை, நீரில் உண்டு. ஆனால் ஆக்டேன் 126 டிகிரியில் கொதிக்கிறது. மோலார் நிறையில் நீரின் 18 எங்கே, ஆக்டேனின் 114 எங்கே. கார்பன் டெட்ராகுளோரைடு முனைவற்றது, குளோரோஃபார்ம் முனைவுள்ளது. கொதிநிலை முறையே 77, 61. ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து புரோமைடு, அயோடைடு என்று போகப்போக முனைவு குறைகிறது, கொதிநிலையோ −85, −67, −35 என்று ஏறுகிறது. மூன்றிலும் ஏற்றத்துக்குக் காரணம் லண்டன் விசை.

முனைவை மட்டும் நம்பினால் எவ்வளவு தவறலாம் என்பதற்கு நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் போதும். இரண்டும் 28. ஒன்று முனைவற்றது, மற்றது முனைவுள்ளது. கொதிநிலை −196, −191.5. கார்பன் மோனாக்சைடின் திருப்புத்திறன் வெறும் 0.11 டிபை, அதனால் ஐந்து டிகிரிகூட வித்தியாசம் வரவில்லை. முனைவு உண்டா என்பதோடு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சிறு சோதனை. நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் "அசிட்டோன்" என்று போட்டிருக்கும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னல் திறந்த இடத்தில், எவர்சில்வர் தட்டில் அதில் ஒரு துளியும் பக்கத்தில் தண்ணீரில் ஒரு துளியும் விடுங்கள். அசிட்டோன் துளி விளிம்பிலிருந்து சுருங்கிக்கொண்டே போய்ச் சீக்கிரம் மறைந்துவிடும். தண்ணீர்த் துளி வைத்த இடத்தில் குவிந்து உட்கார்ந்திருக்கும். அசிட்டோன் மூலக்கூறு தண்ணீரைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. கனமானது பறக்கிறது, லேசானது இருக்கிறது. எடை வித்தியாசத்தையும் மீறி ஹைட்ரஜன் பிணைப்பு ஜெயிக்கும் இடம் இது. ஆக்டேனிடம் தோற்ற அதே நீர்தான். இழுபறி நெருக்கமாக இருக்கும்போது தரவரிசையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், கொதிநிலை மதிப்பு கொடுத்திருந்தால் அதைப் பார்த்து எந்த விசை மேலோங்கியது என்று விளக்குங்கள்.

9. ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

கேள்வி: ஈத்தேன், மெத்திலமீன், மெத்தனால் ஆகியவற்றைக் கொதிநிலை ஏறுவரிசையில் எழுதிக் காரணம் கூறுக.

மூன்றும் மூலக்கூறுகள். மோலார் நிறை 30, 31, 32. ஆக லண்டன் விசை கிட்டத்தட்ட சமம், விசையின் வகை தீர்மானிக்கும். இந்த வரியை விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்கள். இதை எழுதாமல் நேராக ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தாவும் விடையில் ஒப்பீட்டுக்கு அடிப்படையே இல்லை.

ஈத்தேனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும், முனைவற்றது. மெத்திலமீனில் நைட்ரஜனோடு நேரடியாக இரண்டு ஹைட்ரஜன், நைட்ரஜன் மேல் ஒரு தனித்த இரட்டை. கொடுப்பவரும் உண்டு, வாங்குபவரும் உண்டு. மெத்தனாலில் ஆக்சிஜனோடு ஒரு ஹைட்ரஜன், ஆக்சிஜன் மேல் இரண்டு தனித்த இரட்டை. இங்கும் இருவரும் உண்டு.

பின்னிரண்டில் எது மேலே? ஆக்சிஜன்–ஹைட்ரஜன் வேறுபாடு 1.24, நைட்ரஜன்–ஹைட்ரஜன் வேறுபாடு 0.84. ஆக்சிஜனோடு சேர்ந்த ஹைட்ரஜனில் பகுதி நேர்மின்சுமை அதிகம், எனவே மெத்தனாலின் ஹைட்ரஜன் பிணைப்பு வலுவானது. வரிசை: ஈத்தேன் −89, மெத்திலமீன் −6, மெத்தனால் 65.

"ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதால் கொதிநிலை அதிகம்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். எந்த அணுவின் ஹைட்ரஜன், எந்த அணுவின் தனித்த இரட்டை என்று சுட்டிக் காட்டுங்கள். இரண்டு மூலக்கூறு வரைந்து நடுவே ஒரு புள்ளிக்கோடு போட்டால் பாதி விளக்கம் படத்திலேயே வந்துவிடும்.

10. நீங்களே போட்டுப் பார்க்க

விடையை மறைத்துக்கொண்டு, படம் வரைந்து, மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

கார்பன் டைசல்ஃபைடு: நேர்க்கோடு, முனைவற்றது, லண்டன் விசை மட்டும். கார்பன் டைஆக்சைடுக்கும் அதே விடைதான், ஆனால் அது −78.5 டிகிரியில் பதங்கமாகிறது, இது 46 டிகிரி வரை திரவமாக இருக்கிறது. காரணத்தை ஏழாம் படியில் தேடுங்கள்.

சல்ஃபர் டைஆக்சைடு: 18 இணைதிற எலக்ட்ரான். கந்தகத்தின் மேல் ஒரு தனித்த இரட்டை வந்தால்தான் கணக்கு நேராகும். வளைந்தது, முனைவுள்ளது. லண்டன், இருமுனை. கார்பன் டைஆக்சைடின் சாயலில் நேர்க்கோடு என்று எழுதினவர்கள் நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும்.

ஃப்ளூரோமீத்தேன்: முனைவுள்ளது. ஹைட்ரஜன் மூன்றும் கார்பனோடு. ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு: வளைந்தது, முனைவுள்ளது. கந்தகம் அந்த மூன்றில் இல்லை. கொதிநிலை −60. நீரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமாக இருந்தும் 160 டிகிரி கீழே.

அசிட்டிக் அமிலம்: மூன்று விசையும் உண்டு. இதை மட்டும் இரண்டு மூலக்கூறுகளாக எதிரெதிரே வரைந்து பாருங்கள். ஒன்றின் ஆக்சிஜனோடு உள்ள ஹைட்ரஜன் மற்றதன் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனை நோக்க, அந்தப் பக்கத்து ஹைட்ரஜன் இந்தப் பக்கத்து ஆக்சிஜனை நோக்கும். இரண்டு புள்ளிக்கோடுகள் ஒரே நேரத்தில் விழுந்து ஒரு வளையம் மூடும். ஆவி நிலையிலும் இந்த ஜோடிகள் கணிசமாகப் பிரியாமல் இருக்கின்றன. ஒரே மூலக்கூறை மட்டும் வரைந்திருந்தால் இந்த வளையம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.